ராமநாதபுரத்துப் பட்டாளத்துக்காரரைத் தேட: போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப் பட்டியல், ஒரு மதிப்புரை

சேவை: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பெயர்ப் பட்டியல். தேடவும் பார்க்கவும் கட்டணம் இல்லை. தமிழ் கிடையாது, ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். மதிப்பெண்: இரண்டாம் உலகப் போரில் இறந்தவரைத் தேட ஐந்துக்கு நாலு. முதல் உலகப் போருக்கு இரண்டரை. கப்பல் வேலைக்குப் போனவர்களுக்கு மூன்று. நேதாஜி படையில் சேர்ந்து மடிந்தவர்களுக்குப் பூஜ்யம்.

சாயல்குடியிலிருந்து தொண்டி வரைக்கும் எந்தக் கடற்கரை ஊருக்குப் போனாலும் ‘பட்டாளத்துக்காரர் வீடு’ என்று ஒரு வீட்டைக் காட்டுவார்கள். அந்த வீட்டில் கேட்டால் மிஞ்சியிருப்பது ஒரு வரிதான். பூட்டன் ஜெர்மன் சண்டையில் போய்விட்டார். இல்லையென்றால், தாத்தா ஜப்பான்காரன் சண்டைக்குப் பர்மாப் பக்கம் போனவர், திரும்பவில்லை. என்ன படை, எந்த வருஷம், எந்த இடம் என்பதெல்லாம் அப்பத்தாவோடு போயிருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு தொடங்க இந்தப் பட்டியலைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் பெயரைத் தட்டியதும் ஆள் வந்து நிற்பார் என்று நினைத்துப் போகிறவர்கள் பத்து நிமிடத்தில் சலித்துப்போய் மூடிவிடுவார்கள். நம் பக்கத்து ஆட்களை இதில் பெயரால் தேடுவது கடைசி வழி. முதல் வழி ஊர்.

ஆணையம் 1917-ல் தொடங்கப்பட்டது. இரண்டு போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் நினைவு அதன் பொறுப்பில் இருக்கிறது. யார் இந்தக் கணக்கில் வருவார்கள் என்பதைத் தேதி வைத்துத் தீர்மானித்திருக்கிறார்கள்: 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இந்தத் தேதிகளுக்குள் பணியில் இருந்தபடி இறந்திருந்தால் போதும், குண்டடி பட்டுத்தான் செத்திருக்க வேண்டும் என்றில்லை. மலேரியா, வாந்திபேதி, லாரி கவிழ்ந்தது எல்லாம் சேர்த்தி. ‘சண்டையில சாகலப்பா, காய்ச்சல்லதான் போனாரு’ என்று வீட்டில் சொன்னாலும் தேடிப் பார்க்க வேண்டும். 1919-லோ 1946-லோ இறந்தவரை ‘சண்டை முடிஞ்ச பிறகுதானே’ என்று விட்டுவிடவும் கூடாது.

வீட்டில் எடுத்து வைக்க வேண்டியவை

கணினி முன்னால் உட்காருவதற்கு முன் நான்கு பெயர்கள் கையில் இருக்க வேண்டும்: ஆளின் பெயர், அவர் அப்பா பெயர், மனைவி பெயர், ஊரில் கூப்பிட்ட பெயர். இவற்றில் அப்பா பெயருக்குத்தான் மதிப்பு அதிகம். பட்டாளத்தில் ‘இன்னாருடைய மகன்’ என்று தனியாக எழுதிக்கொண்டார்கள், பட்டியலிலும் அப்படியே வந்திருக்கிறது. அப்பா பெயர் சரியாகத் தெரியாவிட்டால் பங்காளி வீட்டுப் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் முழுப்பெயராக இருக்கும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு, முஸ்லிம் குடும்பம் என்றால் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. இந்த இரண்டிலும் தகப்பனார் பெயரோடு தேதியும் சேர்ந்து வரும், வயதைச் சரிபார்க்க உதவும். கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும், இராக்கின் பாஸ்ராவில் போனவர் தேவிபட்டினம் பதிவேட்டில் வரமாட்டார்.

பெட்டியில் பதக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் போரின் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறித்திருக்கும். அதே போரின் ‘பிரிட்டிஷ் வார் மெடல்’ வெள்ளியிலும் உண்டு, வெண்கலத்திலும் உண்டு. வெண்கலம் என்றால் ஆள் துப்பாக்கி பிடித்த சிப்பாயாக இருக்க வாய்ப்பு குறைவு, தொழிலாளர் படை (லேபர் கோர்) போன்ற பிரிவில் போனவராக இருப்பார். தேடும்போது படைப்பிரிவுக் கட்டத்தில் எதைப் போடுவது என்பதை இதுவே காட்டிவிடும். உள்ளங்கையைவிடப் பெரிய வட்ட வெண்கலத் தகடு, சிங்கத்தோடு ஒரு பெண் நிற்கும் படம், சுமார் 12 சென்டிமீட்டர் குறுக்களவு: அது இறந்தவரின் குடும்பத்துக்கு அனுப்பப்பட்டது. அதில் பெயர் மட்டும்தான், எண்ணும் பதவியும் கிடையாது. தகடு இருக்கிறது என்பதே ஆள் போர்க்காலச் சாவாகக் கணக்கில் ஏறியவர் என்பதற்குச் சான்று.

நம் கடற்காற்றுக்கு வெண்கலம் பச்சை பூத்திருக்கும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க யாராவது ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். விளிம்பெழுத்து ஏற்கெனவே மெலிந்துதான் இருக்கும், இரண்டு தேய்ப்பில் எண் போய்விடும். உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, விளிம்பைத் துண்டு துண்டாகப் படம் எடுத்தால் எழுத்து தெரியும்.

தேடுவது

விரிவான தேடலைத் திறந்தால் நிறையக் கட்டங்கள் வரும். குடும்பப் பெயர் கேட்கும் முதல் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கீழே ‘கூடுதல் தகவல்’ என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது. ‘இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர்’ என்று எழுதியிருக்கும் வாசகத்துக்குள் அது தேடும். அதில் ராம்நாட் என்பதை ஆர், ஏ, எம், என், ஏ, டி என்று போட வேண்டும். ராமநாதபுரம் என்று முழுசாகப் போட்டால் வருகிறவர்கள் சொற்பம், அன்றைய அரசுத் தாளில் எல்லாம் ராம்நாட்தான். எந்த நாட்டுப் படை என்ற கட்டத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். எந்தப் போர் என்பதை முதலில் தொடாமல் விட்டு, வருகிற எண்ணிக்கையைப் பார்த்த பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விஷயம். 1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து உண்டாக்கிய பழைய ராம்நாடு ஜில்லா 1985 வரை ஒன்றாக இருந்தது. சிவகங்கை, திருப்பத்தூர், அருப்புக்கோட்டை, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் அதற்குள். ஆகவே ராம்நாட் என்று வருகிற ஆள் சிவகாசிக்காரராகவும் இருக்கலாம். கடற்கரைக்காரர்களைப் பிரித்தெடுக்கத் தாலுகா பெயரைச் சேர்க்க வேண்டும். ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை எல்லாம் அன்றைக்கு ராம்நாடு தாலுகா. தொண்டி, திருப்பாலைக்குடிப் பக்கம் திருவாடானை. சாயல்குடிப் பக்கம் முதுகுளத்தூர். இன்றைய கடலாடி, கீழக்கரை, ராமேஸ்வரம் தாலுகாக்கள் பின்னால் வந்தவை, அவற்றைத் தாலுகாவாக நினைத்துத் தேடினால் கிடைக்காது. முதுகுளத்தூரை ‘டி, எச்’ போட்டும் எழுதியிருப்பார்கள், ‘எச்’ இல்லாமல் இரண்டு ‘டி’ போட்டும் எழுதியிருப்பார்கள். அதனால் முதல் ஐந்தாறு எழுத்தை மட்டும் போட்டுப் பார்ப்பதும் ஒரு வழி. தொண்டிக்கு ‘எச்’ இல்லாமல், கீழக்கரைக்கு இரண்டு ‘ஈ’ போட்டும் ஒற்றை ‘ஐ’ போட்டும், பாம்பனுக்குப் பழைய ஆங்கிலேய எழுத்துக்கூட்டலில் ‘பி, ஏ, யு’ என்று தொடங்கியும் முயல வேண்டும்.

சில பதிவுகளில் குக்கிராமம் இருக்காது, அஞ்சலகம் இருந்த ஊரின் பெயர் மட்டும் இருக்கும். உங்கள் ஊருக்கு அந்தக் காலத்தில் தபால் எங்கிருந்து வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு, அந்தப் பெயரையும் போட்டுப் பாருங்கள். தனுஷ்கோடி என்று இருந்தால் அந்த ஊரை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோய்விட்டது. அந்தக் குடும்பத்தின் வாரிசுகளைத் தேடுவதென்றால் ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம் என்று சிதறியவர்களிடம்தான் விசாரிக்க வேண்டும்.

ஊர் வழியில் கிடைக்கவில்லை என்றால்தான் பெயர். அதிலும் நம் பெயருக்கு முன்னால் போடுகிற தலைப்பெழுத்தை மறந்துவிடுங்கள். சிப்பாய்ப் பதிவில் அது பெரும்பாலும் கிடையாது, ஒற்றைப் பெயரை எடுத்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார்கள். இரண்டு சொல்லாக உடைக்கக்கூடிய பெயர் என்றால் உடைத்திருப்பார்கள்: முத்துராமலிங்கம் ஓரிடத்தில் ஒன்றாக, இன்னோரிடத்தில் முத்து முன்பெயர், ராமலிங்கம் குடும்பப் பெயர் என்று. கருப்பையாவை ‘ஐ, ஏ, எச்’ என்று முடித்திருக்கலாம், ‘ஏ, ஒய், ஒய், ஏ’ என்றும் முடித்திருக்கலாம், ஒற்றை ‘பி’யோடும் எழுதியிருக்கலாம். சாமி என்று முடிகிற பெயர் எல்லாவற்றுக்கும் நடுவில் ‘டபிள்யூ’ நுழைத்து ஒரு தடவை. ஆரோக்கியத்துக்கு ‘கே’ ஒரு தடவை, ‘ஜி’ ஒரு தடவை. முகம்மதுவுக்கு எத்தனை வகை எழுத்துக்கூட்டல் உண்டோ அத்தனையும். ஆள் சேர்த்த இடத்தில் எழுதிக்கொண்டவர் தமிழ் தெரியாத ஹவில்தாராக இருந்தால் அவர் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படி.

பெயர் சுருக்கமாக இருந்தால் ஆபத்து வேறு வகை. முத்து, கருப்பன், அந்தோணி, ராமன் என்று போட்டால் பக்கம் பக்கமாக வரும். அப்பா பெயர், ஊர் அல்லது தாலுகா, மனைவி பெயர் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் ‘கிடைச்சிட்டார்’ என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்டுவிட்டு, வேறொருவருடைய தாத்தாவுக்குக் கல்வெட்டு வைத்துக் கும்பிடும் நிலை வந்தால் பிறகு மாற்ற முடியாது.

படைப்பிரிவை வைத்தும் வடிகட்டலாம். முதல் போரில் நம் பக்கத்து ஆட்களைத் தேட வேண்டிய இடம் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்கிற பொறியாளர் படை, பாதை போடும் பயனியர் பட்டாளங்கள், கர்னாடிக் காலாட்படைகள், பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்கிற 63-ஆவது பட்டாளம். இந்தக் கடைசிப் பட்டாளமும் 61-ஆவது பயனியர்களும் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கி அடிவாங்கிய படையில் இருந்தவை. ‘ஆப்பிரிக்காவுல போனாரு’ என்று வீட்டில் ஒரு வரி இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம். இரண்டாம் போர் என்றால் சாப்பர்களோடு, 1941-ல் மறுபடி எழுப்பப்பட்ட மெட்ராஸ் ரெஜிமென்ட், இந்தியன் பயனியர் கோர், வண்டியும் சரக்கும் பார்த்த ஆர்மி சர்வீஸ் கோர், ஆஸ்பத்திரிப் பிரிவு. பதவிக் கட்டத்தில் சிப்பாய், சாப்பர் மட்டும் பார்த்தால் போதாது. டிரைவர், சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், சலவைக்காரர், கூலி என்று பதிவானவர்களும் அதே பட்டியலில்தான் இருக்கிறார்கள். ‘எங்க தாத்தா சோல்ஜர்’ என்று தலைமுறையாகச் சொல்லிவந்த வீட்டில் பதிவு ‘குக்’ என்று வந்ததும் முகம் சுருங்குவது உண்டு. அதை வேறு ஆள் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

கிடைத்த பதிவை வாசிப்பது

ஒரு மாதிரி: ‘சாப்பர் கருப்பன், எண் இன்னது, இந்தியன் என்ஜினியர்ஸ், 1944 மே, வயது 23, முனியாண்டியின் மகன், காளியம்மாளின் கணவர், முதுகுளத்தூர், ராம்நாட். ரங்கூன் நினைவுச் சின்னம், முகம் (கல்லின் எந்தப் பக்கம்) இன்னது.’ இதில் கடைசி வரியில்தான் தப்பு நடக்கிறது. அது அவர் இறந்த இடம் இல்லை, அவர் பெயர் எழுதியிருக்கும் இடம். ரங்கூன் நினைவுச் சின்னம் பர்மாவின் தௌக்கியான் கல்லறைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. அதில் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். பர்மாப் போர்முனையில் கல்லறை தெரியாதவர்களுக்கெல்லாம் அதுதான் இடம், அவர் செத்தது அங்கிருந்து எத்தனையோ மைல் தள்ளி ஒரு காட்டுப்பாதையில் இருக்கலாம்.

‘டெல்லி/கராச்சி 1939–1945’ என்று வந்தால் குழப்பம் இன்னும் அதிகம். டெல்லியில் இறந்தார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிரிக்கப்படாத இந்தியாவின் படைகளைச் சேர்ந்த 25,000-க்கும் மேற்பட்டவர்களுக்கான பொது நினைவுச் சின்னம் அது. முதல் போரில் ‘டெல்லி மெமோரியல்’ என்றால் இந்தியா கேட். 1931-ல் திறந்த அந்த வாயிலில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறித்திருக்கின்றன, வடமேற்கு எல்லையில் இறந்தவர்களும் அதில் அடக்கம். ‘மெட்ராஸ் 1914–1918’ என்று வந்தால் அது சென்னை நந்தம்பாக்கத்தில், பூந்தமல்லிச் சாலையில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் பின்பக்கம் இருக்கும் சின்னம். ராமநாதபுரத்திலிருந்து ஒரு ராத்திரி ரயிலில் போய்ப் பார்த்துவர முடிகிறது இது ஒன்றுதான்.

கல்லறை எண்ணே இல்லை என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு விளக்கம். இந்து, சீக்கியச் சிப்பாய்களில் பலர் எரியூட்டப்பட்டார்கள். அவர்களுக்குக் கல்லறை இருக்காது, எரியூட்டல் நினைவுச் சின்னத்தில் பெயர் இருக்கும். இம்பாலிலும் கோகிமாவிலும் அப்படித் தனித்தனிச் சின்னங்கள் உண்டு, எகிப்தின் அலமெய்னிலும் உண்டு. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குக் கல்லறை கிடைக்க வாய்ப்பு கூடுதல். அங்கே பதிவுக்குக் கீழே கல்லறைப் பதிவுத் தாள், கல்லில் என்ன பொறிக்க வேண்டும் என்ற அட்டவணை ஆகியவற்றின் படங்களும் இருக்கக்கூடும். தட்டச்சில் ஏறும்போது பெயர் சிதைந்திருந்தால் இந்த மூலத் தாளில் சரியான வடிவம் இருப்பதுண்டு. கட்டாயம் திறந்து பாருங்கள்.

தேதியையும் அப்படியே நம்ப வேண்டாம். சிங்கப்பூர் விழுந்த 1942 பிப்ரவரி 15 என்ற தேதியோ, அதை ஒட்டி ‘இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையில்’ என்ற வாசகமோ இருந்தால், கடைசியாக ஆள் கணக்கில் இருந்த நாளைத்தான் அது காட்டுகிறது என்று எடுத்துக்கொள்வது நல்லது. திதி கொடுக்க நாள் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பதிவு எண்ணை எழுதி வைக்கும்போது படைப்பிரிவின் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். முதல் போர்க்காலத்தில் ஒவ்வொரு பட்டாளமும் தனித்தனியாக எண் போட்டதால் அதே எண் பல பட்டாளங்களில் வரும். எண் மட்டும் வைத்துக்கொண்டு யாரிடமும் எதுவும் கேட்க முடியாது.

எங்கே சறுக்குகிறது

முதல் போருக்கு இரண்டரை மதிப்பெண் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. இராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கல்லில் பெயர் பொறித்த அதே இடத்தில் இந்தியச் சிப்பாய்களைப் பட்டாளத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக எழுதிவிட்டார்கள், அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். 2021 ஏப்ரலில் ஆணையமே வெளியிட்ட அறிக்கை இதை ஒளிக்கவில்லை. இந்திய, ஆப்பிரிக்க, எகிப்தியப் படையினரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது கணக்குச் சொல்கிறது. இரண்டாவது கூட்டத்தில் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும்தான் மிகுதி. கல்லில் இல்லாத இந்தியப் பெயர்களில் பல இன்று இணையப் பட்டியலில் இருக்கின்றன என்பது ஆறுதல். ஆனாலும் அப்பா பெயரும் ஊரும் இல்லாமல் வெறும் பெயரும் எண்ணுமாக நிற்கும் பதிவுகள் முதல் போரில் ஏராளம். அங்கே ராம்நாட் என்று தேடும் வழி அடைபட்டுவிடும்.

கப்பலுக்குப் போனவர்களைப் படைக் கட்டத்தில் தேடாமல் வணிகக் கப்பற்படை என்பதைத் தேர்ந்தெடுத்துத் தேட வேண்டும். செராங், டிண்டல், லாஸ்கர், ஃபயர்மேன் என்று பதவி வரும். முதல் போரில் கடலில் போனவர்கள் மும்பையில் உள்ள ‘பம்பாய் 1914–1918’ சின்னத்தில், 2,000-க்கும் மேற்பட்டவர்கள். இரண்டாம் போர்க்காரர்கள் ‘பம்பாய்/சிட்டகாங்’ என்ற தலைப்பில், 6,000-க்கும் மேல். ஊர் பெரும்பாலும் இராது. ஆனால் கப்பல் பெயர் இருக்கும், அது கிடைத்துவிட்டால் எந்தத் தேதியில் எந்தக் கடலில் மூழ்கியது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. கீழக்கரை, தொண்டிக் குடும்பங்களுக்கு இந்தப் பக்கம்தான் பலன் தரக்கூடியது.

மலேயாவில், பர்மாவில் இருந்தபடி நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்து இறந்தவர்களை இங்கே தேடாதீர்கள். இது பிரிட்டிஷ் மன்னரின் படையில் பணியாற்றியவர்களின் பட்டியல். ஐ.என்.ஏ.வினருக்கு டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகள் வேறு பாதை. சயாம் மரண ரயில் பாதையில் செத்த தோட்டத் தொழிலாளிகளும் இதில் வரமாட்டார்கள், அவர்கள் படைவீரர்கள் என்ற கணக்கில் இல்லை. நம் மாவட்டத்தில் ‘பர்மாவுல செத்தார்’, ‘சயாம்ல செத்தார்’ என்கிற வீடுகளில் எத்தனையோ இந்த இரண்டு வகைக்குள் அடங்கும். ஆள் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் இல்லை. பென்ஷன் வந்ததா என்று கேளுங்கள். பாட்டிக்கு மாதாமாதம் மணியார்டர் வந்தது என்றால் அரசுப் படையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

1947-க்குப் பிறகு இறந்தவர்களுக்கு டெல்லியின் தேசியப் போர் நினைவகம், 2019 பிப்ரவரி 25-ல் திறந்தது. 2020 ஜூனில் கல்வானில் உயிர்நீத்த திருவாடானை தாலுகா கடுக்கலூர் ஹவில்தார் கே. பழனி போன்றவர்களுக்கு அதுதான் இடம், இந்தப் பட்டியல் இல்லை.

எண் கிடைத்த பிறகு

ஆணையத்திடம் படைச் சேவை ஆவணம் கிடையாது. எப்போது சேர்ந்தார், எங்கே காயம்பட்டார், சம்பளம் என்ன என்றெல்லாம் அங்கே எழுதிக் கேட்பது வீண். அதற்குப் பட்டாளத்தின் ரெக்கார்ட் ஆபீஸ்: சாப்பர்களுக்குப் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், பயனியர் கோருக்குப் பெங்களூரு, மருத்துவப் பிரிவுக்கு லக்னோ, தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், வண்டி, இயந்திரம் பழுதுபார்க்கும் இ.எம்.இ.க்குச் செகந்திராபாத். எண், பதவி, பெயர், அப்பா பெயர், இறந்த தேதி, கோருகிறவர் என்ன உறவு என்ற ஆறும் ஒரே தாளில் இருக்க வேண்டும், பட்டியலின் அச்சுப்பிரதியை இணைக்க வேண்டும். ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் கடிதம் சரியான மேசைக்குப் போய்ச்சேரும். பதில் சுருக்கமாக வந்தால் சலிக்காதீர்கள். ஷீட் ரோல் என்கிற விரிவான தாள்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிக்கப்படுபவை, லாங் ரோல் என்கிற மொத்தப் பெயர்ப் பதிவேட்டில் மிஞ்சியிருக்கும் ஒரு வரியே பல சமயம் கிடைக்கக்கூடியது. பஞ்சாபில் முதல் போர்ச் சிப்பாய்களின் கிராமவாரிப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்து, 2021-ல் இணையத்துக்கு வரத் தொடங்கின. அதைக் கேள்விப்பட்டு நம் ஊரைத் தேடுகிறவர்கள் உண்டு. அது பஞ்சாபுக்கு மட்டும்.

அவர் இறந்த வாரத்தில் பட்டாளம் எங்கே நின்றது, என்ன செய்தது என்று தெரிய போர் நாட்குறிப்பு உதவும். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முதல் போருக்கு டபிள்யூ.ஓ. 95, தென்கிழக்கு ஆசியப் போர்முனைக்கு டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசைகள். சிப்பாய் பெயர் அதில் இருக்காது. ‘இரண்டு பேர் சாவு, ஐந்து பேர் காயம்’ என்று எண்ணிக்கை வரும், தேதி பொருந்தினால் அந்த இரண்டில் ஒருவர் நம் ஆள் என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

காசு விஷயம். இந்தப் பட்டியலில் பெயர் இருப்பதால் பென்ஷனோ இழப்பீடோ வெளிநாட்டு விசாவோ வராது. வரும் என்று சொல்லிக் கட்டணம் கேட்கிற தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நினைவுச் சான்றிதழைத் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், தடித்த தாளில் வண்ண அச்சு எடுக்கிற செலவு மட்டும்தான் உங்களுடையது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு முன் பெயரின் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்.

தப்பாக இருந்தால் திருத்தக் கேட்க வழி இருக்கிறது, தளத்தில் விசாரணைப் படிவம் உண்டு. வாய்மொழி போதாது, அந்தக் காலத்துத் தாள் வேண்டும்: பதக்க விளிம்பின் படம், பென்ஷன் உத்தரவு, பட்டாளத்திலிருந்து வந்த கடிதம், ரெக்கார்ட் ஆபீஸ் பதில். தமிழ்ப் பத்திரம் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்து, எந்த வரி எதை நிரூபிக்கிறது என்று எழுதிவிடுங்கள். எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எழுதுவதென்றால் யோசித்துச் செய்யவும். பட்டாளத்துத் தாளிலும் அதே எழுத்துக்கூட்டல்தான் என்றால் ரெக்கார்ட் ஆபீஸில் கேட்கும்போது அந்தப் பழைய வடிவத்தைத்தான் கொடுத்தாக வேண்டும். ஊர்ப் பெயர், அப்பா பெயர் விடுபட்டிருந்தால் அதைச் சேர்க்கக் கேட்பதுதான் முதலில் செய்ய வேண்டிய திருத்தம். அடுத்து ராம்நாட் என்று தேடுகிற அவருடைய பங்காளிகளுக்கு அப்போதுதான் அவர் அகப்படுவார்.